தாள் நுழையாத இடுக்கு: இன்காக்களின் கல், வழிபாடு, நெசவு

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில் பேரரசு கட்டிய இன்காக்களின் கட்டடக்கலை என்றதும் எல்லோர் வாயிலும் வருவது ஒரே வாக்கியம்: "கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது." முகப்பைப் பார்த்தால் உண்மைதான். ஆனால் பாதி இடிந்த சுவரின் உள்பக்கம் வேறு சங்கதி சொல்லும். பல சுவர்களில் பக்கத்துக் கற்கள் நெருங்கி ஒட்டியிருப்பது முகப்பிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழம் வரைதான். அதற்குப் பின்னால் இடைவெளி ஆப்பு வடிவில் விரிகிறது. அதில் மண்ணையும் கற்சில்லையும் இட்டு நிரப்பியிருக்கிறார்கள். மேல்கல் கீழ்க்கல்லின் மீது உட்காரும் படுக்கை இணைப்பு மட்டும் உள்ளே வரை பொருந்துகிறது. எடை இறங்குவது அதன் வழியாகத்தானே. எங்கே உழைப்பைக் கொட்ட வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குத் தெரிந்த கல்தச்சர்களின் வேலை இது. சிலர் சொல்வதுபோல யாரும் கல்லை உருக்கி ஊற்றவில்லை. வானத்திலிருந்து இறங்கி வந்து யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

இன்காக்களின் நாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் தவாந்தின்சுயு. தலைநகர் குஸ்கோ, இன்றைய பெரு நாட்டில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பச்சகூத்தி என்ற அரசர் 1438 வாக்கில் பட்டத்துக்கு வந்த பிறகே இது பேரரசாக விரிந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்கா நகரில் ஸ்பானியப் படைத்தலைவர் பிரான்சிஸ்கோ பிசாரோவின் ஆட்கள் இன்கா அரசர் அதவால்பாவைச் சிறைபிடித்தார்கள். நாம் வியந்து பார்ப்பவற்றில் பெரும்பகுதி இடைப்பட்ட நூறு ஆண்டுக்குள் எழும்பியது. அவர்களிடம் இரும்பு இல்லை, சக்கர வண்டி இல்லை, பாரம் இழுக்க மாடும் குதிரையும் இல்லை. ஒட்டக இனத்துச் சிறு விலங்கான லாமாவின் முதுகில் 25, 30 கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாது. பணமும் கிடையாது. இருந்தது, வரியை உழைப்பாக வாங்கும் ஒரு ஏற்பாடு. அதன் பெயர் மித்தா. ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து அரசுக்கு வேலை செய்ய வேண்டும். இன்காக்களின் கல்வேலை, வழிபாடு, துணி மூன்றும் தனித்தனிக் கலைகளாகப் புத்தகங்களில் பிரிந்து கிடக்கின்றன. மூன்றுக்கும் பின்னால் இருந்த உழைப்புக் கணக்கு ஒன்றேதான்.

கல்லால் கல்லை அடித்தல்

குஸ்கோவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தென்கிழக்கே ரூமிகொல்கா என்ற கல்குவாரி இருக்கிறது. அங்கே கிடைப்பது ஆண்டிசைட் என்னும் எரிமலைக் கல். ஒல்லாந்தைதாம்போ ஊருக்கு எதிரே, உருபாம்பா ஆற்றின் மறுகரை மலைச்சரிவில் கச்சிகாத்தா இருக்கிறது; அங்கே இளஞ்சிவப்பு ரயோலைட். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்த ழான்-பியேர் புரோட்சன் 1980களில் இந்த இரண்டு இடங்களையும் அலசினார். தரையில் அவர் கண்டது, சுற்றியிருந்த பாறையோடு சேராத உருண்டைக் கற்கள். குவார்ட்சைட் போன்ற கடினமான கல்வகைகள், ஆற்றுப்படுகையில் உருண்டு வழவழப்பானவை, ஒரு முனையில் அடிபட்ட தழும்போடு கிடந்தன. இன்கா கல்தச்சரின் சுத்தியல்கள் அவைதான்.

புரோட்சன் அதோடு நிற்கவில்லை, தானே அடித்துப் பார்த்தார். சுமார் 25, 25, 30 சென்டிமீட்டர் அளவுள்ள ஆண்டிசைட் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். சுமார் 4 கிலோ எடையுள்ள உருண்டைக் கல்லால் முதலில் துருத்திக்கொண்டிருந்த பகுதிகளைத் தட்டி எறிந்தார். பிறகு முகத்தைச் சமன்படுத்தும் வேலை. இங்கே ஓங்கி அடிக்கத் தேவையில்லை. சுத்தியல் கல்லைக் கையில் பிடித்து விழவிட வேண்டும். பட்டதும் அது துள்ளும். அந்தத் துள்ளலைப் பிடித்து மறுபடி விழவிட வேண்டும். எடை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். 15 முதல் 20 பாகைச் சாய்வில் பட்டால் கல் மாவாக உதிரும். அடி விழும் நொடியில் மணிக்கட்டைத் திருப்பி 40, 45 பாகைக்குக் கொண்டுபோனால் சிறு சில்லுகளாகத் தெறிக்கும், வேலை வேகமாக நகரும். மூன்று முகங்களையும் ஐந்து விளிம்புகளையும் முடிக்க அவருக்கு ஆன நேரம் 90 நிமிடம். தொழில் பழகாத ஒரு பேராசிரியரின் கைக்கு இது.

விளிம்பில்தான் கவனம் வேண்டும். 4 கிலோ கல்லை ஓரத்துக்கு அருகில் போட்டால் ஓரம் பெயர்ந்து போகும், அதுவரை பட்ட பாடு வீண். அதனால் அடுத்த முகத்தைத் தொடும் முன் அரைக் கிலோ அளவுள்ள சிறிய கல்லால், விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக உரசிப் போகும் அடிகளால் ஓரத்தைத் தயார் செய்தார். இப்படிச் செய்தால் விளிம்பு 90 பாகையில் கூர்மையாக நிற்காது, சற்று மழுங்கி விரிந்த கோணமாகவே வரும். குஸ்கோச் சுவர்களில் ஒவ்வொரு கல்லும் தலையணை போலப் புடைத்து, இணைப்புகள் உள்வாங்கி நிழல் விழுந்து தெரிகின்றனவே, அந்த அழகு இந்த மழுங்கிய விளிம்பின் விளைவு. சுவரை அருகில் நின்று பாருங்கள்: கல்லின் நடுவில் பெரிய குழித் தழும்புகள், ஓரத்தை நெருங்க நெருங்கப் பொடிப்பொடியான தழும்புகள். பெரிய சுத்தியல் எங்கே நின்றது, சிறியது எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

பொருத்துவது அடுத்த கட்டம். மேலே வரவேண்டிய கல்லின் அடிப்பக்கத்தை முதலில் செதுக்கி முடிக்கிறார்கள். அதன் வடிவத்துக்கு ஏற்பக் கீழ் வரிசையின் மேற்பரப்பைக் குடைகிறார்கள். கல்லை வைத்துப் பார்த்து எடுத்தால், அடித்ததில் உதிர்ந்த தூசு முட்டும் இடங்களில் மட்டும் அழுந்தியிருக்கும். அங்கே கொஞ்சம் தட்டு, மறுபடி வை, மறுபடி பார். சிறிய கற்களுக்கு இந்த முறை போதும். குஸ்கோவுக்கு மேலே உள்ள சக்சைவாமன் கோட்டையில் 100 டன்னைத் தாண்டும் சுண்ணாம்புக் கற்கள் நிற்கின்றன. அவற்றை இப்படிப் பத்து முறை ஏற்றி இறக்கியிருப்பார்களா என்ற கேள்வி நியாயமானது. வின்சென்ட் லீ என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் வேறு வழி சொன்னார்: கல்லை முட்டுக்கொடுத்துச் சற்று மேலே நிறுத்திவிட்டு, தூக்குநூல் கட்டிய கோல் ஒன்றால் ஒரு கல்லின் வளைவை மறு கல்லுக்கு மாற்றி வரைந்திருக்கலாம். மரக்கட்டை வீடு கட்டுபவர்கள் இந்த உத்தியைத்தான் கையாள்கிறார்கள். எனக்கு இரண்டும் கலந்திருக்கும் என்றே படுகிறது.

பலகோணக் கற்கள் எதற்கு என்பதற்கும் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. பாறை எந்த வடிவில் பெயர்ந்து கிடக்கிறதோ அதிலிருந்து மிகக் குறைவாகச் செதுக்கினால் போதும். சதுரமாக்கினால் பாதிக் கல் சில்லாகப் போய்விடும். அதனால் தாங்குசுவர்களிலும் படிக்கட்டு மேடைகளிலும் பலகோணம் அதிகம். கோயில், அரண்மனை போன்ற இடங்களில் ஒரே உயர வரிசைகளாக அடுக்கிய சீரான கற்கள். குஸ்கோவின் ஹாதுன்ருமியோக் தெருவில் இருக்கும் பன்னிரண்டு கோணக் கல் முதல் வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 2025 பிப்ரவரியில் ஒருவர் அதைச் சுத்தியலால் அடித்துச் சில இடங்களில் பெயர்த்துவிட்டார்.

கல் நகர்ந்த கதைக்குச் சான்று ஒல்லாந்தைதாம்போ. கச்சிகாத்தாவில் பாறையை வெட்டி எடுக்கவில்லை. மலையிலிருந்து சரிந்து விழுந்து கிடந்தவற்றில் தேர்ந்தெடுத்தார்கள். சரிவில் இறக்கி, உருபாம்பா ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையில் சாய்தளம் வழியாகக் கோயில் மேட்டுக்கு இழுத்தார்கள். கற்களின் அடிப்பக்கம் வழவழவென்று தேய்ந்து, இழுத்த திசையில் நீளக் கீறல்களோடு இருக்கிறது. உருளைக்கட்டை வைத்து உருட்டியிருந்தால் அப்படித் தேயாது. வழியில் கைவிடப்பட்ட கற்கள் இன்றும் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் 'களைத்துப்போன கற்கள்' என்கிறார்கள். மேலே, சுமார் 4 மீட்டர் உயரத்தில் ஆறு பெருங்கற்கள் வரிசையாக நிற்கும் சுவரும் முற்றுப்பெறவில்லை.

நிலநடுக்கமும் மழையும்

1650லும் 1950லும் குஸ்கோவைப் பெரிய நிலநடுக்கங்கள் உலுக்கின. சூரியன் கோயிலான கொரிகாஞ்சாவின் மேல் ஸ்பானியர்கள் சாந்தோ தோமிங்கோ மடத்தைக் கட்டியிருந்தார்கள். 1950 மே 21 அன்று மடத்தின் பல பகுதிகள் சரிந்தன. உள்ளே மறைந்திருந்த இன்கா சுவர்கள் அப்படியே நின்றன. சாந்து இல்லாத சுவர் என்பதால், அதிரும்போது கற்கள் மயிரிழை அசைந்து பழைய இடத்திலேயே அமர்கின்றன. சுவர்கள் செங்குத்தாக இல்லாமல் உட்பக்கமாகச் சில பாகை சாய்ந்து மேலே போகப்போக மெலிகின்றன. வாசலும் சாளரமும் மாடமும் மேலே குறுகிய சரிவகம். அதனால் உத்தரக் கல் தாங்க வேண்டிய அகலம் குறைகிறது. கூரையோ கல் அல்ல, இச்சு என்ற மலைப்புல் வேய்ந்தது. செங்குத்தாகச் சரியும் அந்தக் கூரையைக் கட்டுவதற்குச் சுவரிலிருந்து நீட்டிய கல்முளைகளும் கல்வளையங்களும் மச்சு பிச்சுவில் இன்னும் இருக்கின்றன.

மச்சு பிச்சு என்றாலே படத்தில் தெரியும் பகுதியைத்தான் பேசுகிறோம். நீரியல் பொறியாளர் கென்னத் ரைட்டின் குழு 1990களில் அங்கே அளந்து சொன்ன முடிவு: கட்டுமான உழைப்பில் சுமார் 60 சதவீதம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் செங்குத்தான முகடு அது. வடிகால் இல்லாமல் ஊரைக் கட்டியிருந்தால் சில மழைக்காலங்களிலேயே சரிந்து ஆற்றில் போயிருக்கும். ஒவ்வொரு படிவயலிலும் அடியில் பெரிய கற்களும் உடைகற்களும், அதன் மேல் சரளையும் மணலும், எல்லாவற்றுக்கும் மேலே வளமான மண். கல் செதுக்கியதில் மிஞ்சிய சில்லு முழுவதும் இப்படி அடியில் போனது. சுவர்களில் மட்டும் 129 வடிகால் துளைகளை ரைட்டின் குழு எண்ணியது. குடிநீருக்கு மலை ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளக் கால்வாய், நிமிடத்துக்குச் சுமார் 300 லிட்டர் கொண்டுவரும் அளவில். அது 16 நீர்வாய்களில் படிப்படியாக இறங்குகிறது. முதல் நீர்வாய் அரசர் தங்கும் வீட்டை ஒட்டி அமைந்தது; மற்றவர்களுக்கு அவருக்கு அடுத்துத்தான் தண்ணீர்.

எல்லாமே பிசகில்லாமல் போனது என்று சொல்வதற்கில்லை. அதே மச்சு பிச்சுவின் முதன்மைக் கோயிலில் ஒரு மூலை இறங்கி, கற்களுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கிறது. இணைப்பில் குறை இல்லை. அடியில் மண் அமுங்கிவிட்டது. இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: இன்காக்கள் எல்லாவற்றையும் செதுக்கிய கல்லில் கட்டினார்கள் என்பது. செதுக்கிய கல் மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. பெரும்பாலான வீடுகளும் கிடங்குகளும் மண்சாந்தில் வைத்த கரடுமுரடான கல், இல்லாவிட்டால் பச்சைச் செங்கல். ரக்சியில் உள்ள விராகோச்சா கோயிலின் நடுச்சுவரே கீழே செதுக்கிய கல், மேலே மண்செங்கல். 92 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட அந்த மண்டபத்துக்கு மேல் பெருங்கூரை இருந்தது. கூரை போனதும் மழை மண்ணைக் கரைக்கத் தொடங்கியது. இன்று சுவரின் தலையில் சிறு ஓட்டுக்கூரை வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

கூலியாகக் கள்

சக்சைவாமன் வேலைக்கு 20,000 பேர் வந்தார்கள் என்று 1550களில் எழுதிய ஸ்பானியர் பெத்ரோ சியேசா தெ லெயோன் பதிவு செய்கிறார். 4,000 பேர் கல் எடுக்க, 6,000 பேர் தோல் வடத்தாலும் நார் வடத்தாலும் இழுக்க, மீதிப் பேர் அடித்தளம் தோண்டவும் மரம் வெட்டவும். ஆட்கள் முறை மாறி மாறி வருவார்கள். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் வேலை பிரிந்த விதம் நம்பத்தக்கது: கல் செதுக்குபவர்களைவிட இழுப்பவர்கள் அதிகம்.

இத்தனை பேருக்கும் சோறு போட வேண்டும். அது அரசின் கடமை. மித்தாவில் உழைத்தவருக்கு அரசர் மக்காச்சோளக் கள்ளான சிச்சாவை ஊற்றிக்கொடுக்காவிட்டால் அது வரி ஆகாது, அடாவடி ஆகிவிடும். வட மலைநாட்டில் உவானுக்கோ பம்பா என்ற அரசு நகரில் 497 சேமிப்புக் கிடங்குகள் மலைச்சரிவில் வரிசையாக நின்றன. காற்றுப் பட்டு உருளைக்கிழங்கும் சோளமும் கெடாமல் இருக்கக் குளிர்ந்த சரிவில் வைத்தார்கள். அங்கே அகழாய்வு செய்த கிரெய்க் மோரிஸ், பெரிய மைதானத்தை ஒட்டிய கட்டடங்களில் குடச் சில்லுகளை டன் கணக்கில் கண்டார். மதில் சூழ்ந்த 50 கட்டடத் தொகுதி ஒன்றில் நெசவுக் கருவிகளும் கள் வடிக்கும் பெருங்குடங்களும் கிடைத்தன. அரசு தேர்ந்தெடுத்த பெண்களான அக்யாக்கள் அங்கே துணி நெய்தார்கள், கள் காய்ச்சினார்கள்.

இன்கா மட்பாண்டத்தில் எல்லா அருங்காட்சியகத்திலும் இருக்கும் குடத்தின் வடிவம் இந்த விருந்திலிருந்து வந்தது. உர்பு என்ற அந்தக் குடத்துக்கு அடி கூம்பு, கழுத்து நீளம், இடுப்பில் இரண்டு காதுகள், தோள் அருகே விலங்கு முகம் வைத்த ஒரு குமிழ். கயிற்றைக் காதுகளில் நுழைத்து, குமிழின் மேல் மாட்டி, முதுகில் கட்டிச் சுமப்பார்கள். தரையில் சிறு பள்ளத்தில் கூம்பை ஊன்றிவிட்டால், நிறைந்த குடத்தையும் ஒரு ஆள் தூக்காமல் சாய்த்து ஊற்றலாம். குடிக்கும் கேரோ கிண்ணங்களை எப்போதும் சோடியாகவே செய்தார்கள். ஒன்று கொடுப்பவருக்கு, ஒன்று வாங்குபவருக்கு. தனியாகக் குடிப்பது மரியாதை இல்லை.

வாகா: உயிருள்ள கல்

சூரியனான இன்டி அரச குலத்தின் மூதாதை; படைத்தவர் விராகோச்சா; இடியும் மழையும் இயாப்பா; நிலம் பச்சமாமா. இந்தப் பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும். அன்றாட வழிபாடு அதில் இல்லை, வாகா என்ற புனித இடங்களிலும் பொருள்களிலும் இருந்தது. ஊற்று, பாறை, மலைமுகடு, போர்க்களம், அரசர் உறங்கிய இடம், எதுவும் வாகா ஆகலாம். அதற்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், கோபம் வரும். ஸ்பானியப் பாதிரியார் பேர்நாபே கோபோ 1653ல் எழுதி முடித்த தொகுப்பில், கொரிகாஞ்சாவிலிருந்து குஸ்கோப் பள்ளத்தாக்கு முழுக்க விரியும் 41 கோடுகளும் அவற்றின் மேல் 328 வாகாக்களும் இருக்கின்றன. பாதிக்கு மேல் ஊற்றுகளும் கற்களும்தான். ஒவ்வொரு கோட்டையும் குறிப்பிட்ட குலம் கவனிக்க வேண்டும்: எந்த நாளில் கோக்கா இலை, எந்த நாளில் சிப்பி, எந்த நாளில் துணி எரிப்பது என்று. செகே எனப்படும் இந்தக் கோடுகளைப் பலர் வரைபடத்தில் அடிகோல் வைத்து நேராக வரைந்துவிட்டார்கள். தொல்லியலாளர் பிரையன் பாவர் ஒவ்வொரு வாகாவாக நடந்து தேடியபோது பல கோடுகள் வளைந்து நெளிந்தே போயின.

பகைவர்களான சாங்கா மக்களோடு நடந்த போரில் கற்கள் எழுந்து வீரர்களாகச் சண்டையிட்டன, போர் முடிந்ததும் திரும்பக் கல்லாகிவிட்டன என்பது இன்காக்களின் நம்பிக்கை. அந்தக் கற்களுக்கும் படையல் உண்டு. இந்த மனநிலையை வைத்துப் பார்த்தால்தான் மச்சு பிச்சுவின் வளைசுவர்க் கோபுரம் புரியும். பாறையை உடைத்துச் சமன்படுத்தி அதன் மேல் கட்டுவது எளிது. அவர்கள் பாறையை அப்படியே விட்டு, அதன் நெளிவுக்கு ஏற்பச் சுவரின் முதல் வரிசையைச் செதுக்கினார்கள். எது பாறை, எது சுவர் என்று பிரிக்க முடியாத இடத்தில் கட்டடம் தொடங்குகிறது. குஸ்கோவுக்கு மேலே கென்கோவில் பாறைக்குள் குடைந்த பீடமும், மேற்பரப்பில் நீரோ கள்ளோ ஓடும் நெளிவுக் கால்வாய்களும் இருக்கின்றன. மச்சு பிச்சுவின் இன்டிவாதானா என்ற செதுக்கிய பாறையின் ஒரு முனை 2000ஆம் ஆண்டில் விளம்பரப் படப்பிடிப்பின்போது கிரேன் சாய்ந்து உடைந்தது.

இறந்த அரசர்களும் இறக்கவில்லை. பதப்படுத்திய உடலுக்கு அரண்மனை, நிலம், பணியாளர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அவர் வழிவந்த குலம் சாப்பாடு வைத்து, திருவிழாவில் தூக்கி வந்து மைதானத்தில் உட்காரவைக்கும். புதிதாகப் பட்டத்துக்கு வந்தவருக்குப் பட்டம் மட்டுமே கிடைக்கும், சொத்து கிடைக்காது. தனக்கென்று நிலமும் ஆட்களும் வேண்டுமானால் புதிய நாடு பிடிக்க வேண்டும். பேரரசு இவ்வளவு வேகமாக விரிந்ததற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை. ஸ்பானிய அதிகாரி போலோ தெ ஒந்தேகார்தோ 1559ல் இந்த உடல்களைத் தேடிப் பிடித்துப் பறிமுதல் செய்தார்; சில லீமாவுக்கு அனுப்பப்பட்டன.

கபகோச்சா என்ற குழந்தைப் பலியை மழுப்பிப் பேசுவதில் பயனில்லை. 1999ல் அர்ஜென்டினா எல்லையில் உள்ள யுயாயியாக்கோ எரிமலையின் 6,739 மீட்டர் உச்சியில் யோஹான் ரைன்ஹார்டும் கான்ஸ்தான்சா செருத்தியும் மூன்று குழந்தைகளின் உறைந்த உடல்களைக் கண்டெடுத்தார்கள். மூத்த பெண்ணுக்குச் சுமார் 13 வயது. 2013ல் வெளியான முடி ஆய்வு அவளுடைய கடைசி மாதங்களைக் காட்டியது: ஓராண்டுக்கு முன் சாப்பாடு திடீரென்று மேம்படுகிறது, சோளமும் இறைச்சியும் வருகின்றன, கோக்கா இலையும் கள்ளும் ஏறிக்கொண்டே போய், கடைசி வாரங்களில் கள் உச்சத்தைத் தொடுகிறது. அவர்களோடு விரல் நீளத் தங்க, வெள்ளி, சிப்பி உருவங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து நெய்த குட்டி ஆடை, இறகுத் தலையணி. சிப்பி ஈக்வடோர் பக்கத்து வெதுவெதுப்பான கடலிலிருந்து வந்தது. ஸ்பானியர்கள் உருக்காமல் மிஞ்சிய இன்கா உலோகக் கலையில் நல்லவை பல இப்படி மலையுச்சியில் புதைந்தவை. அதவால்பாவின் மீட்புப் பணமாகக் குவிந்ததில் மட்டும் 6,000 கிலோவுக்கு மேல் தங்கமும் 11,000 கிலோவுக்கு மேல் வெள்ளியும் 1533ல் உலைக்குப் போயின. கொரிகாஞ்சாவின் சுவரிலிருந்து பெயர்த்த 700 தங்கத் தகடுகளும் அதில் அடக்கம்.

வானமும் வேளாண் கணக்கில் இருந்தது. கார்த்திகை மீன் கூட்டத்தை அவர்கள் கொல்கா, அதாவது தானியக் கிடங்கு, என்றார்கள். ஜூன் கடைசியில் விடியலுக்கு முன் அது மறுபடி தெரியும்போது பளிச்சென்று இருந்தால் மழை நேரத்துக்கு வரும். மங்கலாக இருந்தால் தாமதமாகும், உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிப்போட வேண்டும். ஆண்டீஸ் உழவர்கள் இன்றும் கைக்கொள்ளும் இந்த வழக்கத்தை 2000ல் ஒரு ஆய்வு சோதித்தது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நீன்யோ ஆண்டுகளில் அந்தப் பருவத்தில் உயர வானில் மெல்லிய கீற்றுமேகம் கூடுகிறது. விண்மீன்கள் மங்குவது அதனால். அதே ஆண்டுகளில் மழையும் குறைகிறது.

தங்கத்தைவிடத் துணி

இன்காவிடம் எது விலைமதிப்பு மிக்கது என்று கேட்டால் துணி என்பதே விடை. படைவீரருக்குக் கொடுப்பது துணி, அடங்கிய சிற்றரசருக்குப் பரிசு துணி, தெய்வத்துக்கு எரிப்பதும் துணி. பின்வாங்கும் இன்காப் படைகள் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று துணிக் கிடங்குகளுக்குத் தீ வைத்தன. குடும்பங்கள் மித்தாவாக நெய்தது அவாஸ்கா என்ற சாதாரணத் துணி. கொம்பி என்ற உயர்வகையை அக்யாக்களும் கொம்பிகாமயோக் என்ற முழுநேர ஆண் நெசவாளர்களும் நெய்தார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பருத்தி அல்லது லாமா இனத்து அல்பாக்காவின் கம்பளி. குறுக்கே ஓடும் ஊடை, அதை முழுக்க மூடிவிடும்படி நெருக்கி அடித்த அல்பாக்கா அல்லது அதே இனத்து விக்குன்யா கம்பளி. நிறம் மாறும் இடத்தில் இரண்டு ஊடைகளும் ஒன்றோடொன்று கோத்துத் திரும்புவதால் பிளவு விழாது. நூல்முனைகளை உள்ளே மறைத்துவிடுவதால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். சிவப்பு, கள்ளிச்செடியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது.

கத்தரிக்கோல் என்ற பேச்சே இல்லை. தறியிலிருந்து வரும் துணிக்கு நான்கு பக்கமும் கரை உண்டு. வெட்டுவது துணியைக் கொல்வது மாதிரி. உன்கு என்ற ஆண் மேலாடையை ஒரே துணியாகப் பக்கவாட்டில் நெய்தார்கள்; அணியும்போது பாவு உடலுக்குக் குறுக்கே போகும். கழுத்துத் திறப்பையும் நெசவிலேயே வைத்தார்கள்: நடுவில் அந்த இடத்தில் பாவைத் தொடராமல் தற்காலிக நூலில் மாட்டித் திருப்பி, நெய்து முடிந்ததும் அந்த நூலை உருவிவிடுவார்கள். மடித்து இரண்டு ஓரத்தையும் தைத்தால் ஆடை தயார். அளவுகளும் வடிவங்களும் பேரரசு முழுக்க ஒன்றுபோலவே இருந்தன. கறுப்பு வெள்ளைக் கட்டம், கழுத்தருகே படிக்கட்டாக இறங்கும் சிவப்பு என்றால் படைவீரர் உடை. வாஷிங்டனில் டம்பர்ட்டன் ஓக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அரச உடை முழுக்கத் தொகாபு என்ற சிறு சதுரச் சித்திரங்கள். அவற்றில் சில கட்டங்களைக் கண்ணை இடுக்கிப் பார்த்தால் படைவீரரின் அதே கறுப்பு வெள்ளை உடை கட்டைவிரல் அளவில் இருக்கும். நாட்டில் யார் யார் என்ன உடுத்தினாலும் எல்லாம் அரசர் மேல் அடக்கம்.

கணக்கும் நூலில்தான். கிப்பு என்பது ஒரு தலைக்கயிறும் அதிலிருந்து தொங்கும் நூல்களும். அதன் எண்முறை பதின்மம் என்பதை லெலண்ட் லாக் 1912ல் நிறுவினார். 352 என்று எழுத, நூலின் மேல்பகுதியில் மூன்று ஒற்றை முடிச்சு, நடுவில் ஐந்து ஒற்றை முடிச்சு, கீழே இரண்டு சுற்றுள்ள ஒரு நீள முடிச்சு. கடைசி இலக்கத்துக்கு மட்டும் நீள முடிச்சு என்பதால் ஒரு எண் எங்கே முடிகிறது என்று குழப்பம் வராது. 351 ஆக இருந்தால்? ஒரு சுற்று நீள முடிச்சு வெறும் ஒற்றை முடிச்சாகவே போய்விடும். அதனால் 1க்கு மட்டும் எட்டு வடிவ முடிச்சு. சுழியத்துக்கு அந்த இடத்தை வெறுமையாக விடுவார்கள். யார் மித்தாவுக்கு வந்தார், எத்தனை மூட்டை சோளம் கிடங்குக்குப் போனது, எல்லாம் இந்த முடிச்சுகளில்.

மித்தாவை ஸ்பானியர்கள் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்குக் கட்டாய ஆள்பிடிப்பாக மாற்றினார்கள். பதிலுக்குச் சோறும் கள்ளும் தரும் பொறுப்பை மட்டும் விட்டுவிட்டார்கள். பழைய முறை ஓரளவு உயிரோடிருப்பது அபுரிமாக் ஆற்றின் மேல் உள்ள கெஸ்வாசாக்கா கயிற்றுப் பாலத்தில். நீளம் சுமார் 28 மீட்டர், முழுக்கப் புல். ஒவ்வொரு ஜூனிலும் நான்கு ஊர்கள் கூடி அதைப் புதிதாகக் கட்டுகின்றன. ஒவ்வொரு குடும்பமும் இச்சுப் புல்லை நனைத்து, கல்லால் அடித்து நெகிழவைத்து, திரித்த மெல்லிய கயிற்றைத் தன் பங்காகக் கொண்டுவர வேண்டும். அவற்றை முறுக்கித் தடித்த கயிறுகளாகவும், அந்தக் கயிறுகளைப் பின்னி வடங்களாகவும் ஆக்குகிறார்கள்: நடைபாதைக்கு நான்கு வடம், கைப்பிடிக்கு இரண்டு. வடங்களை இரு கரையிலும் கல்தூணில் இறுக்கிக் கட்டிய பின், பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். புல் மழையிலும் வெயிலிலும் ஓராண்டுக்கு மேல் தாங்கும் என்று நம்ப முடியாது. பெருந்தொற்றால் 2020ல் யாரும் கூடவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அந்த ஜூனில் முதல் வடத்தைக் கட்டும்போது நடந்து போகப் பழைய பாலம் இல்லாததால், கயிற்றை எதிர்க்கரைக்குக் கொண்டுசேர்ப்பதே தனி வேலையாகிப் போனது.